ஆறு வண்டிகளில் தொடங்கிய வழக்கு

1934-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்றொரு சிற்றூர். பாதைகளையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. அவ்வூரில் ஒரு வீட்டில், இரண்டு வயதுப் பாலகன் ஒருவன் குடல்வால் அழற்சி முற்றி உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தான். மருத்துவமனை வெகு தொலைவில் இருந்தது. செல்வதற்கு வழியில்லை. பிள்ளையின் தந்தை கைதேர்ந்த இயந்திரத் தொழிலாளர். பனியின்மேல் ஓடக்கூடிய ஊர்தி ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகளாக முயன்று வந்தவர். ஆயினும் அன்றைக்கு ஓடக்கூடிய நிலையில் ஒரு வண்டியும் அவரது பட்டறையில் இல்லை. பிள்ளை இறந்து போனான்.

பிள்ளை பெற்ற எவருக்கும் அந்தத் தந்தையின் வேதனையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர் பெயர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. துயரத்தில் முடங்கிவிடாமல் அவர் தம் முயற்சியை இரட்டிப்பாக்கினார். 1937-ஆம் ஆண்டில், பற்சக்கரத்தால் சுழலும் ரப்பர்ப் பட்டையின்மேல் ஓடும் பனி ஊர்திக்கு உரிமம் பெற்றார். பலர் அமர்ந்து செல்லக்கூடிய அவ்வூர்திகள் நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றன. அஞ்சல் மூட்டைகளைச் சுமந்தன. 1959-ஆம் ஆண்டில் அவரது நிறுவனம் ஒருவரோ இருவரோ அமர்ந்து ஓட்டும் சிறிய, இலேசான வண்டியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று 'ஸ்னோமொபைல்' என்று உலகம் அழைக்கும் பனி ஊர்தி பெருவழக்குக்கு வந்தது அதன் பின்னரே. சில ஆண்டுகளுக்குள் அது தேவைக்குரிய வாகனம் என்னும் நிலையைக் கடந்து, பொழுதுபோக்கு வாகனமாகவும் ஆகிவிட்டது.

அன்புச் சகோதர சகோதரிகளே! பனியே விழாத ஊர்களில் வாழும் நமக்குப் பனி ஊர்தியின் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பொதுச் சொத்து ஒன்றை மக்கள் எப்படி ஆண்டு அனுபவிக்க வேண்டும், அதற்கு வரம்பு வைப்பவர் யார், எப்போது வைக்க வேண்டும் என்னும் கேள்விகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அப்பாடம் நடந்த இடம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா.

உலகின் முதல் தேசியப் பூங்கா

1872-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் அதிபர் யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாயிற்று. உலகில் தேசியப் பூங்கா என்று பெயர் பெற்ற முதல் நிலம் அதுவே. வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களில் ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது விரிந்து கிடக்கிறது. கொதிநீர் ஊற்றுகளும், விண்ணை நோக்கிப் பீறிடும் வெந்நீர்த் தாரைகளும், காட்டெருமைகளும், எல்க் மான்களும், ஓநாய்களும், கரடிகளும் அங்கே உண்டு.

1916-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் பூங்காப் பணித்துறையை நிறுவிய சட்டம், அத்துறைக்கு இரண்டு கடமைகளை ஒருங்கே விதித்தது. மக்கள் இந்நிலங்களைக் கண்டு மகிழ வேண்டும். அதே வேளையில், வருங்காலத் தலைமுறையினரும் கண்டு மகிழும் வண்ணம் இவை பழுதுபடாமல் காக்கப்பட வேண்டும். நமது வழக்கில் இதற்கு ஒரு சொல் உண்டு: அமானிதம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை நாம் பயன்படுத்தலாம். ஆனால் உரியவர் வந்து கேட்கும்போது குறையாமல் திருப்பித் தர வேண்டும். இங்கே உரியவர் இன்னும் பிறவாத பேரப்பிள்ளைகள்.

இந்த இரண்டு கடமைகளும் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது? பனிக்காலம் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது.

யெல்லோஸ்டோனில் பனிக்காலத்தில் பெரும்பாலான சாலைகள் பனியில் மறைந்துவிடும். வடக்கு வாயிலிலிருந்து வடகிழக்கு வாயில் வரை செல்லும் ஒரு சாலையில் மட்டுமே ஆண்டு முழுவதும் மோட்டார் கார்கள் ஓடும். 1963-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பனி ஊர்திகள் பூங்காவுக்குள் நுழைந்தன. எத்தனை? மொத்தம் ஆறே ஆறு. ஆறு வண்டிகளை யார்தான் தடுக்கப் போகிறார்கள்?

அண்டையிலிருந்த ஊர்களின் வணிகர்களோ, பனியை அகற்றிச் சாலைகளைக் கார்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று நெடுங்காலமாகக் கோரி வந்தனர். 1967-ஆம் ஆண்டில் அது குறித்து அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையும் நடந்தது. சாலைகளைத் திறந்துவிடுவதைவிடப் பனிமேல் செல்லும் வண்டிகளை அனுமதிப்பது நலம் என்று 1968-ஆம் ஆண்டில் பூங்கா நிர்வாகம் முடிவெடுத்தது. 1971-ஆம் ஆண்டு முதல் அவ்வண்டிகளுக்காகச் சாலைப் பனியை அழுத்திச் சமன் செய்யும் பணியும் தொடங்கியது. தங்கும் விடுதியும் திறக்கப்பட்டது. முடிவெடுத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: 'எத்தனை வண்டிகள் வரை போதும்?'

1972-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணையொன்று, பொது நிலங்களில் பாதை விட்டு ஓடும் இயந்திர வண்டிகளுக்கெல்லாம் இடம் வரையறுக்க வேண்டும். மண்ணுக்கும் வனவிலங்குகளுக்கும் பிற பார்வையாளர்களுக்கும் ஊறு குறைவாக இருக்கும்படி அதனைச் செய்ய வேண்டும் என்று கூறிற்று. எனினும் யெல்லோஸ்டோனில் வண்டிகளின் எண்ணிக்கைக்கு அப்போதும் உச்சவரம்பு ஏதும் வைக்கப்படவில்லை.

தொண்ணூறுகளில், பனிக்காலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக எண்ணூறு பனி ஊர்திகள் வரை யெல்லோஸ்டோனில் ஓடின. கூட்டம் மிகுந்த நாட்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஆறு, ஆயிரமாகிவிட்டது.

பனியில் உயிர் வாழும் கணக்கு

அக்காலத்துப் பனி ஊர்திகள் பெரும்பாலும் இரண்டு வீச்சு எஞ்சின் கொண்டவை. அவற்றில் எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்தே எரியும். எரியும் என்பதைவிடப் பாதி எரியும் என்பதே பொருந்தும். உள்ளே செல்லும் எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியேறிவிடும். குளிர்ந்த, காற்றசையாத காலை வேளைகளில் மேற்கு வாயிலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது நீலப் புகை கலையாமல் தேங்கி நிற்கும். சீட்டுக் கொடுக்கும் காவலர்களின் அறைக்குள் வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியாகச் செலுத்த வேண்டியதாயிற்று. 2002-ஆம் ஆண்டில் சில காவலர்கள் முகத்தில் சுவாசக் கவசம் அணிந்து பணியாற்றினர். உலகின் முதல் தேசியப் பூங்காவின் வாயிலில், மூச்சுவிடக் கவசம்!

புகையைவிடத் தொலைதூரம் சென்றது ஓசை. பனி போர்த்திய காட்டின் அமைதியை நாடி வந்தவர், வண்டி கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அதன் இரைச்சலைக் கேட்டார். வெந்நீர் பீறிடும் ஒலியையும் ஆற்றின் சலசலப்பையும் கேட்க வந்த செவிகளுக்கு எஞ்சின் ஓசையே கிட்டியது.

மனிதர் வருந்தினால் கடிதம் எழுதலாம். விலங்குகள் என்ன செய்யும்? பனிக்காலம் காட்டெருமைக்குப் பஞ்ச காலம். தன் பருத்த தலையை இடமும் வலமும் வீசிப் பனியை ஒதுக்கி, அடியில் கிடக்கும் காய்ந்த புல்லை அது மேய்கிறது. வேனிலில் சேர்த்த கொழுப்பை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலவிட்டு இளவேனில் வரை அது உயிர் தாங்க வேண்டும். அந்நிலையில் அச்சத்தால் அது ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் இருப்பிலிருந்து எடுக்கும் செலவு. வரவில்லாத காலத்தில் இருப்பைக் கரைப்பவனின் நிலையை நாம் அறிவோம்.

1996-97 குளிர்காலம் மிகக் கடுமையாக இருந்தது. பனியின்மேல் பனிக்கட்டி உறைந்து, மேய்ச்சல் அடைபட்டுப் போயிற்று. உணவு தேடிக் காட்டெருமைகள் பூங்கா எல்லையைக் கடந்தன. அவற்றிடம் காணப்பட்ட புரூசெல்லோசிஸ் என்னும் நோய் கால்நடைகளுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சத்தால், ஆயிரத்திற்கும் மேற்பட்ட காட்டெருமைகள் சுடப்பட்டன, அல்லது இறைச்சிக் கூடத்திற்கு அனுப்பப்பட்டன. வண்டிகளுக்காகச் சமன் செய்த பனிப்பாதைகளே அவற்றை எளிதாக எல்லைக்கு அழைத்துச் சென்றன என்று கூறி, 1997-ஆம் ஆண்டில் விலங்கு நல அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. நேர்மையாகச் சொல்வதாயின், பிற்கால ஆய்வுகள் அக்கூற்றை முழுமையாக உறுதி செய்யவில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பின்பற்றியே காட்டெருமைகள் பெரிதும் நடந்தன என்று அவை கண்டன. ஆயினும் அவ்வழக்கு, முப்பது ஆண்டுகளாகக் கேட்கப்படாத கேள்வியைக் கேட்க வைத்தது. பனிக்கால வாகனங்களால் நேரும் விளைவுகளை முழுமையாக ஆராய்வதாகப் பூங்காத் துறை ஒப்புக்கொண்டது.

ஒரு குளிர்காலம், இரண்டு தீர்ப்புகள்

ஆராய்ச்சியின் முடிவில், 2000-ஆம் ஆண்டு, கிளிண்டன் ஆட்சியில், பனி ஊர்திகளைப் படிப்படியாக நீக்கிவிட்டு, பலர் சேர்ந்து பயணம் செய்யும் பனிப் பேருந்துகளை மட்டும் அனுமதிப்பது என முடிவாயிற்று. 2001-ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது. பனி ஊர்திக்காரர்களின் அமைப்புகள் தொடுத்த வழக்கில் உடன்பாடு ஏற்பட்டு, ஆய்வு மீண்டும் தொடங்கியது. 2002-ஆம் ஆண்டில் வெளியான வரைவுக்குப் பொதுமக்களிடமிருந்து 3,50,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்து குவிந்தன. 2003-ஆம் ஆண்டு டிசம்பரில், நாளொன்றுக்கு 950 வண்டிகள் வரை வரலாம் என்று புதிய விதி வெளியாயிற்று.

அதன்பின் நிகழ்ந்ததுதான் வேடிக்கையும் வேதனையும். 2003 டிசம்பர் 16 அன்று, குளிர்காலப் பருவம் தொடங்கவிருந்த தறுவாயில், வாஷிங்டன் நகர நீதிபதி எம்மெட் சல்லிவன் அப்புதிய விதியைத் தள்ளுபடி செய்து, பழைய படிப்படியான நீக்கத்தை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. 2004 பிப்ரவரியில் வயோமிங் நீதிபதி கிளாரன்ஸ் பிரிம்மர், அந்தப் பழைய விதியை நடைமுறைப்படுத்தத் தற்காலிகத் தடை விதித்தார். ஒரே குளிர்காலத்தில் இரண்டு நீதிமன்றங்கள். இரண்டு எதிரெதிர்த் தீர்ப்புகள்!

இதில் அல்லல்பட்டவர் யார்? மேற்கு வாயிலில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் மக்களே நிரந்தரமாக வாழும் ஊர். அவ்வூரின் குளிர்கால வருவாய் பனி ஊர்திகளை நம்பியே வளர்ந்திருந்தது. வாடகைக்கு விடுவோர், விடுதி நடத்துவோர், உணவகம் வைத்திருப்போர், பழுது பார்ப்போர் யாவரும் அதனால் பிழைத்தனர். வண்டிகளுக்கு முதலீடு செய்தவர்கள், அவை அடுத்த வாரம் ஓடுமா ஓடாதா என்று அறியாமல் தவித்தனர். அவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது. ஆனால் ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. முப்பது ஆண்டுகள் கதவைத் திறந்து வைத்து, 'வாருங்கள், கடை போடுங்கள்' என்று அழைத்தது யார்? முதல் நாளே எல்லை சொல்லப்பட்டிருந்தால், அந்த எல்லைக்குள் அவர்கள் தம் வாழ்வை அமைத்திருப்பார்கள். வரம்பை வைக்கத் தாமதிப்பவர், பின்னாளில் வரம்பு வைக்கும்போது குடும்பங்களின் அடுப்பில் கை வைக்க நேர்கிறது.

எண்ணிக்கை ஏறி இறங்கிய கதை அதோடும் முடியவில்லை. 2004-இல் தற்காலிக விதி 720 என்றது. 2007-இல் 540 என்றார்கள். அதையும் 2008-இல் நீதிமன்றம் நீக்கிற்று. 2009-இல் 318 என்று இடைக்கால விதி வந்தது. ஒரு வகையில் இந்த இழுபறியும் வீணாகவில்லை. 2004-க்குப் பின் வழிகாட்டி இல்லாமல் எவரும் ஓட்டக்கூடாது என்றும், புகையும் ஓசையும் குறைந்த நான்கு வீச்சு எஞ்சின் வகை வண்டிகளே நுழையலாம் என்றும் நடைமுறை வந்தது. மேற்கு வாயிலில் தேங்கிய புகை பெருமளவு குறைந்தது.

விதி என்ன சொல்கிறது?

2013-ஆம் ஆண்டு அக்டோபரில் நிலையான விதி வெளியாயிற்று. 1963-க்கும் அதற்கும் இடையே சரியாக ஐம்பது ஆண்டுகள்!

அவ்விதியின் சிறப்பு, அது வண்டிகளை மட்டும் எண்ணாமல், கூட்டங்களை எண்ணியது. ஒரு வழிகாட்டியின் பின்னே அணியாகச் செல்லும் பனி ஊர்திகள் ஒரு 'பயண நிகழ்வு'. ஒரு பனிப் பேருந்தும் அவ்வாறே ஒரு நிகழ்வு. நாளொன்றுக்கு 110 நிகழ்வுகளே உச்சவரம்பு. அவற்றுள் பனி ஊர்திகளுக்கு உரியவை 50-க்கு மேற்படக் கூடாது. ஓர் அணியில் பத்து வண்டிகள் வரை செல்லலாம். ஆனால் பருவம் முழுவதற்கும் சராசரி ஏழாக இருக்க வேண்டும். இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். பத்து வண்டிகள் பத்து வேளைகளில் தனித்தனியே கடந்தால், காட்டெருமை பத்து முறை தலைநிமிர வேண்டும். சேர்ந்து கடந்தால் ஒரு முறை. இடையில் கிடைக்கும் அமைதியே விலங்குக்கும் மனிதருக்கும் தேவையானது. 'எத்தனை வண்டி' என்னும் கேள்வியை, 'எத்தனை முறை இடையூறு' என்று மாற்றிக் கேட்டபோதுதான் நெடுநாள் முடிச்சு அவிழ்ந்தது.

வழிகாட்டிக்குப் பணம் கொடுக்க இயலாத எளியோரையும் விதி மறக்கவில்லை. நான்கு வாயில்களிலும் நாளுக்கு ஒரு குழு வீதம், ஐந்து வண்டிகளுக்கு மேற்படாமல், தாமாகவே செல்ல இடம் உண்டு. அவ்வாய்ப்பு குலுக்கல் முறையில் வழங்கப்படும். செல்வாக்கு உடையவருக்கு முன்னுரிமை கிடையாது.

வண்டி மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் ஓசை 67 டெசிபலுக்கு மேற்படலாகாது. இருவர் சாதாரணமாக உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல் என்பதை நினைத்தால் இதன் கண்டிப்பு விளங்கும். அந்த 35 மைலே வேக எல்லையும் ஆகும். இரவு 9 மணிமுதல் காலை 7 மணிவரை வண்டிகள் ஓடலாகாது. வேனிற்காலத்தில் கார்கள் ஓடும் அதே சாலைகளின் மேல்தான் ஓட்ட வேண்டும்; பாதையை விட்டுப் பனிவெளியில் இறங்கலாகாது. ஓட்டுபவர் மோட்டார் வாகன உரிமம் வைத்திருக்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். காட்டெருமை, எல்க் மான் ஆகியவற்றிடமிருந்து 25 கஜமும், கரடி, ஓநாய் ஆகியவற்றிடமிருந்து 100 கஜமும் விலகி நிற்க வேண்டும் என்னும் பூங்காவின் பொது விதி, பனியிலும் பொருந்தும்.

தேவைக்கு வழி, இன்பத்திற்கு வரம்பு

சட்டம் பனி ஊர்தியைப் பகையாகக் கருதிற்று என்று எண்ணிவிட வேண்டாம். அதே அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் காட்சி வேறு. அங்கே சாலையே இல்லாத சிற்றூர்கள் பல. வேட்டையும் மீன்பிடிப்பும் அம்மக்களின் அன்றாட உணவு. எனவே 1980-ஆம் ஆண்டில் அலாஸ்கா நிலங்களுக்காக இயற்றப்பட்ட சட்டம், பிழைப்புக்காகவும், ஊர்களுக்கும் வீடுகளுக்கும் சென்றுவருவதற்காகவும், வழிவழி வந்த தொழில்களுக்காகவும், பாதுகாக்கப்பட்ட நிலங்களிலும் பனி ஊர்திகளை அனுமதித்தது. எனினும் தெனாலிப் பூங்காவின் பழைய, மூலப் பகுதியில் அவற்றுக்கு இடமில்லை என்று 2000-ஆம் ஆண்டில் பூங்காத் துறை விதி செய்தது.

ஆக, வண்டி ஒன்றே, விதி வேறு. நோயுற்ற பிள்ளையை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக ஓடும் வண்டிக்கும் எஞ்சின் ஒன்றாக இருக்கலாம், உரிமை ஒன்றல்ல. தேவை கதவைத் தட்டினால் சட்டம் வழிவிட வேண்டும். இன்பம் கதவைத் தட்டினால், 'வரலாம், ஆனால் இத்தனை பேர், இந்த வழியே, இவ்வளவு ஓசையோடு' என்று சொல்ல வேண்டும். இன்பம் குற்றமன்று. ஒருவருடைய இன்பத்தின் விலையை, வாய் பேசாத விலங்கும், அமைதியை நாடி வந்த அயலாரும், இன்னும் பிறவாத பிள்ளைகளும் கொடுக்க நேர்வதே குற்றம்.

அந்தக் குளிர்காலத்தில் தம் மகனை இழந்த தந்தை, ஒரு கேள்விக்கு விடை தேடினார்: 'என் பிள்ளை மருத்துவமனைக்குச் செல்ல வழி எது?' அவர் கண்ட விடை பல்லாயிரம் உயிர்களுக்குப் பயன்பட்டது. அவருக்குப் பின் வந்தவர்கள், 'எவ்வளவு போதும்?' என்னும் இரண்டாவது கேள்வியைக் கேட்க ஐம்பது ஆண்டுகள் எடுத்துக் கொண்டார்கள். அந்த ஐம்பது ஆண்டுகளின் விலையைக் காவலர்களின் நுரையீரலும், வணிகர்களின் உறக்கமும், காட்டின் அமைதியும் கொடுத்தன.

நம் ஊர்க் குளத்தங்கரையிலும், ஆற்று மணலிலும், கடற்கரையிலும், மலையடிவாரத்திலும் இன்று ஆறு வண்டிகள் நிற்கலாம். 'ஆறுதானே' என்று நாமும் சொல்லலாம். ஆறாக இருக்கும்போது ஒரு சொல்லில் முடியும் வரம்பு, ஆயிரமான பின் நீதிமன்றத்திலும் முடிவதில்லை. அமானிதத்தைப் பெற்ற அன்றே அதன் அளவையும் கேட்டு வைத்துக் கொள்வது, திருப்பித் தரும் நாளில் தலைகுனியாமல் இருக்க நாம் செய்து கொள்ளும் ஏற்பாடு.

சிந்திப்போம்!